ரூத் வனிதாவும் புகார் நகரத்துத் தோழியும்

ரூத் வனிதா (பிறப்பு: 1955) ஆங்கிலத்தில் எழுதும் இந்திய இலக்கிய ஆய்வாளர், பேராசிரியர், கவிஞர், நாவலாசிரியர், மொழிபெயர்ப்பாளர். ‘மானுஷி’ பெண்கள் இதழின் நிறுவனர்களில் ஒருவர். தன்னை லெஸ்பியன் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட இந்தியக் கல்வியாளர்களில் முன்னோடி. ஒருபால் காதல் மேற்கிலிருந்து வந்த பழக்கம் என்ற கருத்தை இந்திய மொழிகளின் மூலநூல்களைக் கொண்டு மறுத்தவர். அவருடைய ஆய்வுமுறையைத் தமிழ்ச் சூழலில், குறிப்பாகக் காவிரிப் படுகையில் பிறந்த நூல்களின் மேல் வைத்துப் பார்க்கும்போது அதன் வலிமையும் போதாமையும் ஒருசேரத் தெரிகின்றன.

வாழ்க்கை, பணி

ரூத் வனிதா பர்மாவின் ரங்கூனில் பிறந்தார். டெல்லி பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்று, அதன் மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கற்பித்தார். 1978-ல் மது கிஷ்வருடன் இணைந்து மானுஷியைத் தொடங்கினார். ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளிவந்த அவ்விதழில் பன்னிரண்டு ஆண்டுகள் போல ஊதியமின்றி உழைத்தார். வரதட்சிணைச் சாவுகள், கிராமப் பெண்களின் நிலவுரிமை, உழைக்கும் பெண்களின் கூலி ஆகியவற்றைக் களத்திலிருந்து எழுதிய இதழ் அது. அதன் கட்டுரைகளும் வாசகர் கடிதங்களும் 1984-ல் ஆங்கிலத்தில் நூலாகத் தொகுக்கப்பட்டன.

அந்த ஆண்டுகளில் இந்தியப் பெண்கள் இயக்கத்துக்குள் தன்பாலீர்ப்பு ஏறக்குறைய பேசாப்பொருளாக இருந்தது என்று பின்னாளில் ரூத் வனிதா எழுதியிருக்கிறார். அவருடைய பிற்கால எழுத்து முழுவதையும் இந்த மௌனத்தின் பின்னணியில் வைத்துத்தான் படிக்க வேண்டும். மற்றப் பெண்களுக்காக வீதியில் நின்று குரல் கொடுத்த ஒருவர் தன்னைப் பற்றிய சொல்லைத் தன் இதழிலேயே அச்சேற்ற முடியாத நிலை அது. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மொன்டானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தன் துணைவியை யூத முறையிலும் இந்து முறையிலும் மணந்துகொண்டார்.

முதல் ஆய்வுநூலான ‘சாஃபோவும் கன்னி மரியும்’ (1996) ஆங்கில இலக்கியத்தைப் பற்றியது. வரலாற்றாய்வாளர் சலீம் கித்வாயுடன் (1951–2021) சேர்ந்து அவர் தொகுத்த ‘இந்தியாவில் ஒருபால் காதல்’ 2000-ல் வெளிவந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இந்திய எழுத்திலிருந்து பகுதிகளைத் தேர்ந்து, மொழிபெயர்த்து, முன்னுரைகளுடன் தந்த தொகுப்பு அது. சமஸ்கிருத, பாரசீக, உருது நூல்களிலிருந்து ஆதாரங்களை எடுத்துப் பொதுவாசகர் கையில் ஒரே நூலாகக் கொடுத்தது. அதற்குப்பின் ‘இதெல்லாம் நம் பண்பாட்டில் இல்லை’ என்று சொல்பவர் குறைந்தபட்சம் அந்த நூலை மறுத்தாக வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. தொடர்ந்து ‘லவ்ஸ் ரைட்’ (2005, விரிவாக்கிய பதிப்பு 2021), உருது ரேக்திக் கவிதை பற்றிய ஆய்வு (2012), இந்தித் திரைப்படங்களில் கணிகையர் பற்றிய நூல், லக்னோவைக் களமாகக் கொண்ட ‘மெமரி ஆஃப் லைட்’ (2020) நாவல், இதிகாசங்களில் பால், வருணம், உயிரினம் பற்றிய விவாதங்களை ஆராயும் நூல் (2022) ஆகியன வந்தன.

வாசிப்பு முறை

ரூத் வனிதா ‘காதல்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. உடலுறவு நிகழ்ந்ததா என்பதற்குச் சான்று தேடுவது அவருடைய நோக்கமன்று. நூல் ஒன்று இரண்டு பெண்களின் அல்லது இரண்டு ஆண்களின் பிணைப்பை வாழ்க்கையின் மையமாக ஏற்றுப் பேசுகிறதா, அதை என்ன சொற்களால் விளக்குகிறது என்பதே அவருடைய கேள்வி. ‘தன்பாலீர்ப்பாளர்’ என்ற மனித வகையே 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில்தான் உருவாயிற்று என்ற கருத்து அப்போது மேற்கத்தியக் கல்விக்கூடங்களில் செல்வாக்குடன் இருந்தது. அதை அவர் ஏற்கவில்லை. இந்திய நூல்கள் இத்தகைய பிணைப்பை இயல்பு என்றும் முற்பிறவித் தொடர்பு என்றும் விளக்கி வந்திருப்பதைக் காட்டினார். முற்பிறவித் தொடர்பு என்ற விளக்கம் தமிழ் வாசகருக்குப் புதியதன்று. காரணம் சொல்ல முடியாத பற்றுக்கு நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படும் காரணம் அதுதான்.

அவருடைய சிறந்த வாசிப்புகளில் ஒன்று வங்க மொழியின் கிருத்திவாச ராமாயணம் பற்றியது. திலீப மன்னன் வாரிசின்றி இறக்கிறான். சிவனின் அருளால் அவனுடைய இரண்டு விதவை மனைவியரும் ஒருவரோடொருவர் கூடி வாழ, ஒருத்தி கருவுறுகிறாள். எலும்பில்லாத தசையாகப் பிறக்கும் குழந்தை அஷ்டாவக்கிரரின் வாக்கால் முழு உடல் பெற்றுப் பகீரதன் ஆகிறது. கங்கையைக் கொண்டுவந்தவன் இரண்டு பெண்களின் மகன் என்று ஒரு பக்திநூல் கூசாமல் சொல்கிறது. (காவிரிக்கு அப்படியொரு கதை இல்லை. மணிமேகலையின் பதிகம் சொல்வதுபோல அகத்தியரின் கரகம் கவிழ்ந்து வந்தவள் அவள்.) இங்கே ரூத் வனிதா நூலுக்குள் எதையும் திணிக்கவில்லை. நூலே சொல்லிவிட்டு, பெயர்க்காரணமும் தருகிறது. ரேக்தி ஆய்வும் அவ்வாறே. ஆண்கவிஞர்கள் பெண்குரலில் எழுதிய அக்கவிதைகளில் பெண்ணைக் காதலிக்கும் பெண்ணுக்குத் தனிச்சொற்களே இருந்தன. இரட்டைப் பருப்புள்ள வாதுமையைப் பகிர்ந்துண்டு இணையாகும் சடங்கிலிருந்து ‘தோகானா’ என்ற சொல் வந்தது. பிற்காலத் திறனாய்வாளர்கள் ஆபாசம் என்று ஒதுக்கியதால் ரேக்தி பாடத்திட்டங்களிலிருந்து மறைந்தது.

மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் வரும் சுலபா பற்றிய கட்டுரையும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. மணமாகாத துறவியான சுலபா ஜனகன் அவையில், ஆன்மாவுக்குப் பாலில்லை என்று வாதிட்டு வெல்கிறாள். தமிழ் மாணவருக்கு இங்கே மணிமேகலை நினைவுக்கு வர வேண்டும். புகாரில் பிறந்து, உதயகுமரனை மறுத்து, வஞ்சி நகரில் மாதவன் வடிவம் கொண்டு சமயக்கணக்கர்களிடம் கேள்வி கேட்டவள் அவள். பெண்ணாக நின்று வென்ற சுலபாவையும், ஆண் துறவியின் உருவத்தில் போய்க் கேட்க வேண்டியிருந்த மணிமேகலையையும் அருகருகே வைத்தால் ஓர் ஆய்வேடு எழுதலாம்.

தேவந்தி

ரூத் வனிதாவின் தொகுப்புகளின் எடை சமஸ்கிருதம், உருது, இந்தி, வங்கம் ஆகியவற்றின் பக்கம் சாய்ந்திருக்கிறது. உலக இலக்கியத்தில் ‘தோழி’ என்ற பாத்திரத்துக்குத் தமிழ் அகமரபு அளவுக்கு இடம் கொடுத்த மரபுகள் மிகச் சில. தோழியை மையமாக்கிய விரிவான வாசிப்பு அவருடைய நூல்களில் இல்லை என்பது பெரிய இடைவெளி. அதை நிரப்ப முயல்பவர் முதலில் போக வேண்டிய இடம் சிலப்பதிகாரத்தின் தேவந்தி.

கனாத்திறம் உரைத்த காதையில் வரும் தேவந்தி கண்ணகியின் தோழி. பாசண்டச் சாத்தன் என்ற தெய்வத்துக்கு மனைவி. எட்டு ஆண்டு வாழ்ந்தபின் அவன் தன் தெய்வ உருவைக் காட்டிவிட்டு நீங்கினான். கணவன் தீர்த்தமாடப் போயிருக்கிறான் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு அவள் கோட்டத்தில் வழிபட்டு வாழ்கிறாள். கணவன் பிரிந்த கண்ணகிக்காக அறுகும் பூளையும் நெல்லும் தூவி வேண்டுகிறாள். கண்ணகி தன் தீக்கனவைச் சொல்வது இவளிடம்தான். சோமகுண்டம், சூரியகுண்டம் ஆடிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவனோடு கூடலாம் என்று தேவந்தி வழி சொல்ல, கண்ணகி அது தனக்குப் பெருமையன்று என மறுத்துவிடுகிறாள்.

பிறகு இரண்டு காண்டங்களில் பெரும்பாலும் அவள் இல்லை. மதுரை எரிந்து, கண்ணகி விண்ணேறி, செங்குட்டுவன் இமயத்துக் கல்லெடுத்துக் கோயில் கட்டிய பின்னரே திரும்ப வருகிறாள். கண்ணகியின் செவிலியும் அடித்தோழியும் அவளுடன் புகாரிலிருந்து நடந்து வந்து சேர்கிறார்கள். வாழ்த்துக் காதையில் மூவரும் தாங்கள் யார் என்று மன்னனிடம் சொல்கிறார்கள். வரந்தரு காதையில் கண்ணகி கோயிலின் நாள்பூசையை நடத்தும் பொறுப்பைச் செங்குட்டுவன் தேவந்தியிடம் ஒப்படைக்கிறான்.

ரூத் வனிதாவின் முறையில் படிக்கும் ஒருவர் இங்கே உற்சாகமடைவது இயல்பு. காவிரியின் கழிமுகத்தில் தொடங்கிய இரண்டு பெண்களின் நட்பு, ஒருத்தி தெய்வமாகவும் மற்றவள் அவளுக்குப் பூசை செய்பவளாகவும் முடிகிறது. கணவர் இருவருமே காட்சியில் இல்லை. ஆனால் நூல் இவர்களைப் பேச வைப்பதெல்லாம் கணவரைப் பற்றித்தான். தேவந்தியின் வேண்டுதல் கோவலன் திரும்ப வேண்டும் என்பது. கண்ணகியின் மறுப்பும் கற்பின் இலக்கணத்திலிருந்து வருகிறது. கிருத்திவாசரைப் போல இளங்கோ வெளிப்படையாக எதையும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட இடங்களில்தான் ரூத் வனிதாவின் முறை தடுமாறுகிறது. நூல் தானே பேசும் இடத்தில் அவர் அசைக்க முடியாதவர். நூல் மௌனமாக இருக்கும் இடத்தில் அந்த மௌனத்தை அன்பின் பக்கம் சாய்த்துவிடும் விருப்பம் அவரிடம் உண்டு. தேவந்தியைக் கண்ணகியின் காதலி என்று அழைப்பது மிகை. ஆனால் ‘துணைப்பாத்திரம்’ என்று கடந்து செல்லும் வழக்கமான உரை அதைவிடப் பெரிய பிழை. ஒரு பெண்ணின் நினைவைக் காக்கத் தகுதியானவள் அவளுடைய தோழி என்று காப்பியம் முடிவெடுத்திருக்கிறது. அந்த முடிவின் கனத்தைக் காணும் கண் ரூத் வனிதாவின் முறையிலிருந்து கிடைக்கிறது.

தஞ்சை அரசவையின் இரண்டு நூல்கள்

மரபு ஒற்றைக் குரலில் பேசுவதில்லை, அது ஒரு வாக்குவாதம் என்பது ரூத் வனிதா திரும்பத் திரும்பச் சொல்வது. இதற்கு 18ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூரைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. மராத்திய மன்னர் காலத்துத் தஞ்சையில் திரியம்பகர் என்ற அறிஞர் ‘ஸ்திரீதர்ம பத்ததி’ என்ற சமஸ்கிருத நூலை எழுதினார். மனைவி விடிகாலையில் எழுவது முதல் இரவு உறங்கும் வரை செய்ய வேண்டியவற்றை வகுக்கும் நூல் அது. ஜூலியா லெஸ்லி 1989-ல் இதை விரிவாக ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். அதே தஞ்சையில் பிரதாபசிம்மன் (ஆட்சி 1739–1763) அவையில் இருந்த கணிகையான முத்துப்பழனி தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனம்’ எழுதினார். ராதையின் வேட்கையும் சினமும் அதில் பேசப்படுகின்றன. கண்ணன் அவளைத் தணிக்க வேண்டியவனாகிறான்.

பின்னர் நடந்தது ரேக்திக்கு நடந்ததேதான். வீரேசலிங்கம் போன்ற சீர்திருத்தவாதிகள் முத்துப்பழனியை நாணமற்றவர் என்று இகழ்ந்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-ல் முழுப்பதிப்பு கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே ஆங்கில அரசு அதை ஆபாசம் என்று தடுத்தது. தடை நீங்கியது 1947-ல், பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோது. இதே நாகரத்தினம்மாள்தான் திருவையாற்றில் காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதிக்கு நினைவுமண்டபம் எழுப்பியவர். பெண்கள் பாட இடமில்லாத ஆராதனையில் பெண்களைத் திரட்டிப் பாட வைத்தவர். முத்துப்பழனியின் நூல் ஒருபால் காதல் பற்றியதன்று. ஆனால் பெண்ணின் இச்சையைப் பற்றிய சொல் எப்படி, யாரால், எந்தக் காலத்தில் இலக்கியத்திலிருந்து வெளியேற்றப்பட்டது என்ற ரூத் வனிதாவின் கேள்விக்குத் தஞ்சை தரும் விடை லக்னோ தரும் விடையோடு வியக்கத்தக்க அளவில் ஒத்துப்போகிறது. ஒழுக்கம் பழமையிலிருந்து வந்தது என்று நாம் நினைக்கும் பலவற்றின் வயது நூற்றைம்பதைத் தாண்டாது.

மாலையும் சாவும்

‘லவ்ஸ் ரைட்’ அவருடைய நூல்களில் மிகவும் வலிக்கும் நூல். 1980 முதல் இந்தியச் செய்தித்தாள்களில் சிறிய பெட்டிச் செய்திகளாக வந்த இரண்டுவகை நிகழ்வுகளை அவர் சேகரித்தார். ஒன்று, இரண்டு பெண்கள் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டது. மற்றது, இரண்டு பெண்கள் சேர்ந்து உயிரை மாய்த்துக்கொண்டது. அவர்களில் பெரும்பாலோர் சிற்றூர்களையும் சிறுநகரங்களையும் சேர்ந்தவர்கள். ஆங்கிலம் அறியாதவர்கள். எந்த இயக்கத்தையும் கேள்விப்படாதவர்கள். 1987-ல் மத்தியப் பிரதேசக் காவல்துறையில் இருந்த இரண்டு பெண்கள் மணம்புரிந்துகொண்டு வேலையை இழந்தது நாடறிந்த செய்தியாயிற்று. திருமணமும் தற்கொலையும் இவர்களுக்கு ஒரே வாக்கியத்தின் இரண்டு வடிவங்கள் என்பது ரூத் வனிதாவின் வாதம். சேர்ந்து வாழ ஊர் விடாதபோது, தங்கள் பிணைப்பை ஊரறியச் சொல்ல அவர்களுக்குத் தெரிந்த மற்றொரு வழி அது. வீட்டை எதிர்த்துக் காதலித்த ஆண்–பெண் இணைகளின் கதியும் இதுவே என்று அவர் சேர்த்துச் சொல்வது முக்கியமானது.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர் உறையூர்ச் சோழன் கோப்பெருஞ்சோழனை நினைக்காமல் இருக்க முடியாது. மக்களோடு பகைத்து வடக்கிருந்த அவனுடன், அதுவரை நேரில் காணாத பாண்டிநாட்டுப் புலவர் பிசிராந்தையார் வந்து சேர்ந்து உயிர்விட்டார். புறநானூறு அதைப் பாடுகிறது. பரிமேலழகர் நட்புக்கு எடுத்துக்காட்டாக அவர்களைக் காட்டுகிறார். இரண்டு ஆண்கள் சேர்ந்து இறந்தால் நடுகல்லும் உரை மேற்கோளும் கிடைக்கின்றன. இரண்டு பெண்கள் சேர்ந்து இறந்தால் கிடைப்பது காவல்நிலையக் குறிப்பு. ஒப்புமையை இதற்குமேல் நீட்டக் கூடாது. மன்னனும் புலவரும் தாங்களாகத் தேர்ந்த முடிவு அது. இந்தப் பெண்கள் பூட்டிய அறையிலிருந்தும் அவசரக் கல்யாண ஏற்பாட்டிலிருந்தும் தப்ப வழியின்றித் தள்ளப்பட்டவர்கள். இந்த வேறுபாட்டை ரூத் வனிதா இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம். சடங்கின் மொழியில் அவருக்குள்ள ஈடுபாடு சில பக்கங்களில் சாவின் கொடுமையை மங்கவைக்கிறது.

சடங்கும் சுயமரியாதையும்

பெண்ணியவாதிகளில் ஒருசாரார் திருமணமே பெண்ணை அடிமைப்படுத்தும் அமைப்பு, அதை ஏன் நாமும் கேட்க வேண்டும் என்று ரூத் வனிதாவை மறுத்தனர். அவருடைய விடை எளியது. சாதாரண மக்கள் அதைத் தாங்களாகவே செய்துகொண்டிருக்கிறார்கள். கோட்பாடு அவர்களுக்குப் பின்னால்தான் நடக்கிறது. 2002-ல் அமெரிக்காவில் இரண்டு பெண்களுக்கு மணம் செய்துவைத்த சைவ குருக்கள் ஒருவர், திருமணம் ஆன்மாக்களின் இணைப்பு, ஆன்மாவுக்கு ஆண் பெண் இல்லை என்ற பொருளில் தன்னிடம் சொன்னதை அவர் பதிவு செய்திருக்கிறார்.

இங்கேதான் தமிழ்நாட்டின் அனுபவம் அவருடைய பார்வைக்கு வெளியே நிற்கிறது. மரபுக்குள்ளிருந்தே விடுதலைக்கான சொல்லை எடுப்பது அவர் வழி. காவிரிப் படுகையில் வேறொரு வழியும் இருந்தது. மயிலாடுதுறை பக்கத்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) போன்றோர் சடங்கை விட்டு வெளியேறியே விடுதலை தேடினர். அந்த இயக்கத்தின் விளைவாக அண்ணா ஆட்சியில் 1967-ல் நிறைவேறிய திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது. புரோகிதர் வேண்டாம், தீ வேண்டாம். உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினால், மோதிரம் அணிவித்தால், அல்லது தாலி கட்டினால் போதும். ரூத் வனிதாவின் செய்தித்துணுக்குகளில் வரும் பெண்கள் செய்துகொண்டது ஏறத்தாழ இதையேதான். அதே பிரிவில், ஒருவரையொருவர் ஏற்பதாக வாயால் அறிவிக்கும் இடத்தில் ‘மனைவி’, ‘கணவன்’ என்ற சொற்கள் இருக்கின்றன. 5ஆம் பிரிவோ ‘இரண்டு இந்துக்கள்’ என்றுதான் தொடங்குகிறது.

2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து வயதுவந்தோரின் விருப்ப உறவை விடுவித்தது. 2023 அக்டோபரில் ஒருபால் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. இடையில், 2021 ஜூன் மாதம், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளைத் தடைசெய்தார். இத்தகையோரை மரியாதையாகக் குறிக்கத் தமிழில் சொற்பட்டியல் வேண்டும் என்ற பேச்சு அவ்வழக்கிலேயே எழுந்து, தமிழ்நாடு அரசு அதை அரசிதழில் வெளியிட்டது. ரூத் வனிதா பழைய நூல்களில் தேடிய சொற்களை இங்கே அரசாணை புதிதாக வழங்கியது.

சாதி

அவர் மீதான மற்றொரு கடுமையான விமர்சனம், அவருடைய மரபு பெரும்பாலும் மேல்சாதியினர் எழுதிக் காத்த மரபு என்பது. 2022-ல் வெளிவந்த நூலில் வருணம் பற்றிய இதிகாச விவாதங்களை எடுத்துக்கொண்டது இதற்கு ஓரளவு விடை. ஆனால் நூல்களுக்குள் நடக்கும் விவாதம் வயலுக்கு எவ்வளவு தூரம் வந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட மண் இது. நாற்று நடவுக்கு அணியாய்க் குனிந்து நிற்கும் பெண்களின் நட்பும் பிணைப்பும் எந்த ஓலையிலும் ஏறவில்லை. முத்துப்பழனிக்காவது ஓர் அரசவை இருந்தது. மானுஷி காலத்து ரூத் வனிதா இத்தகைய பெண்களைத் தேடிப்போய்ப் பேசியவர். பிற்கால ஆய்வாளர் ரூத் வனிதா நூலகத்துக்குள் அதிகம் இருந்தார். இருவரும் சந்திக்கும் ஒரே இடம் ‘லவ்ஸ் ரைட்’டின் செய்தித்துணுக்குகள்தான். அவற்றில் மகள் ஓடிப்போனதைவிட எந்தச் சாதிப் பெண்ணோடு போனாள் என்று கேட்கும் வீடுகளும் இருக்கும் என்பதைத் தஞ்சைப் பக்கத்து வாசகருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.